கொக்கி எந்தத் தலையில்

டிசம்பர், கியூம்ரி.
ரேடியேட்டர் மேல் காய்கின்றன கையுறைகள்,
பதினேழு ஜோடி, பிறகு ஓர் ஒற்றை.
இரண்டாம் வகுப்பு முழுக்க ஈரக் கம்பளி வாசம்.
கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்தேன்,
ஒன்றின் மேல் ஒன்று.

இதுதான் நம் முற்றுப்புள்ளி என்றேன்.
முடிப்பதற்கு ஒன்று போதாதா என்றான் முஷெக்.
இப்படிக் கேட்பார்கள் என்று
பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.
மேல்புள்ளி விழாதபடி
கீழ்ப்புள்ளி தாங்கிக்கொள்கிறது என்றேன்,
வாய்க்கு வந்ததை.
அன்றிலிருந்து கீழே இருப்பதை
உருளைக்கிழங்கு அளவுக்குப் போடுகிறான்.
சின்னதாக இருந்தால் முதுகு வலிக்குமாம் அதற்கு.
நுவார்தின் புள்ளிகள் சண்டை போட்டவை,
நடுவே ஓர் எலி ஓடலாம்.

ஸோவினாருக்குப் புள்ளியே பிடிக்காது
எங்கள் பூனை பாலைக் கொட்டியது மாமா திட்டினார் லாரி கிளம்பவில்லை பனி பெய்தது அத்தை சூப் வைத்தாள் நான் தூங்கிவிட்டேன்
என்று ஒரே மூச்சில் ஒரு பக்கம்.
படித்து முடித்தபோது எனக்குத்தான் இருமல்.

அதனால் நடக்கச் சொன்னேன்.
ஒருவர் வாசிக்க மற்றவர் நடக்க,
காற்புள்ளிக்கு ஒற்றைக்காலில் நில்,
முற்றுப்புள்ளிக்குத் தொப்பென்று உட்கார்.
மூன்றாவது முற்றுப்புள்ளியில்
கீழ்த்தளத்துக் கணக்கு வகுப்பிலிருந்து
தலைமையாசிரியை ஹைகனுஷ் ஏறி வந்தார்.
கதவில் அவர் தலை தெரிந்ததும்
எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.
அதுவும் சரியான இடம்தான்.

பிறகு கேள்விக்குறி.
ரஷ்யப் பாடப்புத்தகத்தில் அது
வரியின் கடைசியில் நிற்கும்,
பஸ்ஸுக்கு நேரம் கழித்து வந்தவன் போல.
எங்களுடையது அப்படி இல்லை.
எந்தச் சொல்லைக் கேட்கிறாயோ
அதன் தலைமேல் ஏறி உட்காரும்,
சின்னக் கொக்கி.
ஒரு வாக்கியம் எழுதினேன், யோசிக்காமல்:
அப்பா புத்தாண்டுக்கு வருவார்
எழுதிய பிறகுதான் சாக்பீஸ் கனத்தது.
இவர்களில் பாதிப் பேரின் அப்பாக்கள்
ரஷ்யாவில் எங்கோ சிமெண்ட் கலக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அழிக்கத் துணியை எடுப்பதற்குள்
முஷெக் ஓடிவந்து முதல் சொல்லில் மாட்டினான்.
அப்பாவா புத்தாண்டுக்கு வருவார்?
இல்லை, சித்தப்பா. வகுப்பு சிரித்தது.
நுவார்த் கொக்கியை நடுவில் மாற்றினாள்.
புத்தாண்டுக்கா? போன வருஷம்
ஆறாம் தேதிதான் வந்தார், கேக் தீர்ந்த பிறகு.

மிச்சம் ஒரு சொல்.
வாச்சே எழுந்து வந்தான்.
கேள்வியே கேட்காத பையன்,
கழிப்பறைக்குப் போகக்கூடக் கண்ணால்தான் கேட்பான்.
குதிகால் தூக்கியும் எட்டவில்லை,
நாற்காலி போட்டேன்.
நடுக்கொக்கியை முழங்கையால் அழித்தான்.
வருவார் என்பதன் மேல் சாக்பீஸை வைத்து
அசையாமல் நின்றான்.
பின்னால் யாரோ ஆப்பிள் கடிக்கும் சத்தம்.
பிறகு கொக்கி போடவில்லை,
சாய்வாக ஒரு கோடு இழுத்தான்.
அழுத்தக்குறி.
நாற்பத்தொன்றாம் பக்கம், பிப்ரவரியில்தான் வரும்.
அதைப் போட்டால் வருவார் என்பது
வந்தே தீருவார் என்று ஆகிவிடும்.

இதை நாம் இன்னும் படிக்கவில்லையே என்றேன்.
அக்கா நோட்டில் இருந்தது என்றான்.
கடைசியில் இரண்டு புள்ளி,
கீழே உருளைக்கிழங்கு.
டிக் போடவா வேண்டாமா என்று நிற்கையில்
மணி அடித்துவிட்டது.

ஒற்றைக் கையுறை அப்படியே கிடந்தது.
ஒரு துண்டுத்தாளில் இது யாருடையது
என்று எழுதி அதன்மேல் வைத்துப் போனேன்.
காலையில் கையுறையைக் காணோம்.
தாள் இருந்தது.
யாருடையது என்ற சொல்லின் தலையில்
சிவப்புக் க்ரேயானில் ஒரு கொக்கி,
நான் விட்டது.